தட்டைப் பார்த்துச் சீறும் பூனை: நாட்பட்ட வாய் அழற்சியோடு வாழும் பூனையைப் பராமரிக்கும் வழி

பசியோடு ஓடிவந்த பூனை தட்டருகே நின்று முகர்ந்து பார்க்கிறது. ஒரு வாய் எடுத்ததும் வீறிட்டுக் கத்துகிறது. பின்வாங்கி, தட்டைப் பார்த்தே சீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்கிறது. எங்கள் செல்லி அப்படித்தான் செய்தாள். தட்டுதான் தன்னைக் கடித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம். சூரை மீன் டின்னை மாற்றிக் கோழி டின் வாங்கினோம். கோழி போய் சால்மன் வந்தது. மூன்று வாரம் இப்படியே கழிந்தது. அந்த மூன்று வாரமும் அவள் வலியில் இருந்தாள்.

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் திரிந்தவள் செல்லி. இடது காதின் நுனி வெட்டப்பட்ட, அதாவது கருத்தடை செய்யப்பட்ட, அக்கம்பக்கப் பூனை. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டாம் ஆண்டில் நோய் தெரிந்தது. அன்று யாராவது உட்காரவைத்து வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவுகளை மட்டும் எழுதமாட்டேன். அவற்றை உங்கள் பூனையை எடைபோட்டுப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வாயைப் பிளக்காமல் பாருங்கள்

சந்தேகம் வந்ததும் வாயைத் திறந்து பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். வலியில் இருக்கும் பூனை கடிக்கும். பூனைக்கடி ஆழமாக இறங்கிச் சீழ் வைக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கை முகத்தருகே வந்தாலே வலி வரும் என்று பூனை ஒருமுறை கற்றுக்கொண்டால், பிறகு மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்போது உங்களால் அதை நெருங்கவே முடியாது.

வாய்க்கு வெளியிலேயே போதுமான அடையாளங்கள் உண்டு. முன்னங்கால்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். எச்சிலைத் துடைத்துத் துடைத்து அங்கே மயிர் பழுப்பேறி, பசைபோட்டதுபோல் ஒட்டிக்கிடக்கும். மோவாய் எப்போதும் ஈரமாக இருக்கும். எச்சிலில் சில நாள் இரத்தக்கோடு தெரியும். தன்னை நக்கிச் சுத்தம் செய்வதைப் பூனை நிறுத்திவிடுவதால் முதுகு மயிர் திரிதிரியாகப் பிரிந்து நிற்கும். கொட்டாவி விடும்போது பாதியில் கத்தும். உலர்தீனியை வாயில் எடுத்துக் கீழே போடும், அல்லது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லும். வாய் நாற்றம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே தெரியும். “பூனை என்றால் வாய் நாறத்தான் செய்யும்” என்று பலர் சொல்வார்கள். நலமாக இருக்கும் பூனையின் வாய் அப்படி நாறாது.

அடுத்து எடை. குளியலறைத் தராசில் நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்க்கும் முறை இதற்குப் போதாது. நூறு இருநூறு கிராம் வித்தியாசம் அதில் தெரியாது. கைக்குழந்தைகளை நிறுக்கும் தட்டையான தராசு ஒன்று வாங்குங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் இளைத்தால் அது உடலின் இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 3 கிலோ இளைப்பதற்கு ஈடு. வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம் நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே நோட்டில் அன்று எவ்வளவு சாப்பிட்டது, எச்சில் வழிந்ததா, கத்தியதா என்று ஒரு வரி எழுதினால் போதும். பின்னால் மருத்துவர் உங்களிடம் கேட்கப்போவது பெரும்பாலும் அந்த நோட்டில் இருக்கும்.

ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்துங்கள். பூனை ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடலின் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரல் செயலிழக்கத் தொடங்கும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சிங்கப்பூரில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனைகள் உண்டு. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

இது என்ன நோய்

பற்காரை படிந்து ஈறு ஓரம் சிவப்பது வேறு, இது வேறு. சாதாரண ஈறு அழற்சியில் சிவப்பு பல்லின் விளிம்போடு நின்றுவிடும். நாட்பட்ட வாய் அழற்சியில் அது ஈறைத் தாண்டிக் கன்னத்தின் உட்புறத்துக்கும், குறிப்பாக வாயின் கடைக்கோடியில் மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் மூலைக்கும் பரவும். மருத்துவர் செல்லியின் வாயைத் திறந்து காட்டிய நாளில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தொண்டைக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும், மாதுளை முத்துகளை அரைகுறையாக நசுக்கிப் பூசியதுபோல், மேடும் பள்ளமுமாகச் சதை வளர்ந்திருந்தது. பஞ்சு பட்டதும் இரத்தம் கசிந்தது. அந்த வாயோடுதான் அவள் மூன்று வாரம் சாப்பிட முயன்றிருக்கிறாள்.

காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட முடியாது. பல்லின்மேல் படியும் கிருமிகளையும் வாயில் தங்கியிருக்கும் வைரஸ்களையும் எதிர்த்து உடலின் நோய் எதிர்ப்பாற்றல் அளவுக்கு மீறிச் சண்டையிடுகிறது. அந்தச் சண்டையில் சொந்தச் சதையே வெந்துபோகிறது. இந்நோய் கண்ட பூனைகளின் வாயில் பூனைச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும் கலிசிவைரஸ் அடிக்கடி காணப்படுகிறது. பல பூனைகள் சேர்ந்து வாழும் வீடுகளில் நோய் கூடுதலாக வருகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனிதர்களுக்கு இது தொற்றாது. நீங்கள் பல் துலக்கிவிடாததால் வந்த நோய் என்று உங்களையே நொந்துகொள்ளவும் வேண்டாம்.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் செய்யக்கூடாதவை

“பல்வலிக்குக் கிராம்பு எண்ணெயைவிட நல்ல மருந்து உண்டா? பஞ்சில் ஒரு சொட்டு விட்டுத் தடவிப் பாரம்மா” என்றார் அத்தை. அக்கறையில் சொன்னார். எங்கள் மூன்று தலைமுறைக்கும் பல்வலி தீர்த்த எண்ணெய் அது. ஆனால் நம் ஈரல் உடைத்து வெளியேற்றும் பல பொருள்களைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது. கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால் அப்படிப்பட்ட ஒன்று. நம் வீடுகளில் அலமாரிக்கு ஒரு புட்டி இருக்கும் கோடாலித் தைலம் போன்ற தைலங்களையும் பூனையின் அருகே கொண்டுபோகாதீர்கள். கையில் தேய்த்துக்கொண்டு அதே கையால் பூனையைத் தடவினாலும், பூனை மயிரை நக்கும்போது அது உள்ளே போகும்.

பாரசிட்டமால், அதாவது நாம் பனடால் என்று சொல்லும் மாத்திரை, பூனைக்கு நஞ்சு. அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். ஐபுபுரோஃபெனும் அப்படியே. தவறிக் கொடுத்துவிட்டால் வெட்கப்படாமல், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மருத்துவமனையில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மனிதர் வாய் கொப்பளிக்கும் நீர்மம், மஞ்சள் பற்று, உப்புநீர் எதுவும் வேண்டாம். புண்ணில் எரிச்சல் கூடும், உங்கள்மேல் நம்பிக்கை குறையும். சோற்றில் குழம்பு பிசைந்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது.

மருத்துவமனைக்குப் போகும் நாள்

பூனையோடு எம்ஆர்டி ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற முடியாது. செல்லப்பிராணிகளை ஏற்றும் வாடகைக் கார்ச் சேவைகளை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மேல்பக்கம் திறக்கும் கூண்டாக இருந்தால் நல்லது. கூண்டை இரண்டு நாள் முன்பே வரவேற்பறையில் திறந்து வைத்து, பூனை படுத்துறங்கும் பழைய துணியை உள்ளே போடுங்கள். அச்சத்தில் கட்டுக்கடங்காமல் போகும் பூனை என்றால் தொலைபேசியில் சொல்லுங்கள். முந்தைய நாள் இரவிலும் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பும் கொடுக்க, பதற்றத்தைத் தணிக்கும் காபாபென்டின் என்ற மருந்தைத் தருவார்கள். அது வலியையும் சற்றுத் தணிக்கும்.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முடிவு செய்யும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “பல்லுக்கு உள்வாய் எக்ஸ்ரே எடுக்கும் கருவி உங்களிடம் இருக்கிறதா?” அது இல்லாத இடத்தில் இந்த நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள். பூனையின் பல்லில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். வேர் கரைந்துபோயிருக்கலாம், உடைந்து உள்ளே நிற்கலாம். எக்ஸ்ரே இல்லாமல் அது தெரியாது.

முதல் சந்திப்பில் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சிறுநீரகம், ஈரல், சர்க்கரை ஆகியவை எப்படி இருக்கின்றன என்பதை வைத்தே வலி மருந்தையும் மயக்க மருந்தையும் தேர்ந்தெடுப்பார்கள். பூனைகளின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் எஃப்ஐவி, இரத்தப் புற்றுநோய் வைரஸான எஃப்இஎல்வி ஆகிய இரண்டுக்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். புண் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ கட்டிபோல் தடித்திருந்தாலோ சதைத்துணுக்கு எடுத்து ஆய்வுக்கு அனுப்பியே ஆக வேண்டும். வாய்ப் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கும்.

செலவைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். எல்லாப் பற்களையும் எடுக்கும் சிகிச்சை சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கான வெள்ளி (டாலர்) ஆகும். எக்ஸ்ரே, மயக்க மருந்து, வலி மருந்து, இரவு தங்கல், மறுபரிசோதனை எல்லாம் சேர்த்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு இடங்களில் கேட்பதில் தவறில்லை. நோய் தெரிந்த பிறகு எடுக்கும் காப்புறுதி அந்த நோய்க்கு உதவாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் பூனை வைத்திருப்பது தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் மருத்துவரிடமே போகாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த அச்சம் இனி வேண்டாம். 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனைகள் வளர்க்கலாம். மைக்ரோசிப் பொருத்தி, தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவையிடம் உரிமம் எடுக்க வேண்டும். அதற்கான இடைமாற்றக் காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை.

ஊசி போட்டதும் சரியாகிவிட்டதே

இங்கேதான் எங்களுக்குப் பல மாதங்கள் வீணாயின. நாங்கள் முதலில் போன இடத்தில் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். மறுநாளே செல்லி தட்டை நக்கித் துடைத்தாள். எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எட்டு வாரம் கழித்துப் பழையபடி சீறினாள். இன்னொரு ஊசி, இம்முறை ஆறு வாரம். அடுத்தது நான்கு வாரம். ஊசிக்கு ஊசி இடைவெளி சுருங்கியதை நோட்டில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், அதைத் தூண்டும் பல்லும் கிருமியும் அங்கேயே இருக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் நீரிழிவு நோய் வரக்கூடும். மறைந்திருக்கும் இதயக் கோளாறு வெளிப்படக்கூடும். ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாப்பிடவே முடியாத பூனையைச் சில நாள் சாப்பிடவைத்து அறுவைக்குத் தேற்றுவதற்கு அது கைகொடுக்கும். ஆனால் அதற்கு அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிற பிரெட்னிசோலோன் மாத்திரையோ நீர்மமோ மேல். திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு மருத்துவமனைகளுக்கு மாறி மாறிப் போகிறவர்கள் என்ன மருந்து, எந்தத் தேதியில் என்ற பட்டியலைக் கையில் வைத்திருங்கள்.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் இரண்டு வாரம் குறைந்து மீண்டும் வரும். கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் களிம்பு ஆரம்பநிலையில் உதவும். புண் முற்றிய வாயில் அதைத் தேய்ப்பது பூனைக்கு வேதனை.

பல்லை எடுப்பது

எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பல்லில்லாத பூனை எப்படி வாழும்? வீட்டுக்கு வந்து இரவெல்லாம் யோசித்தேன். வேட்டையாட அவளுக்குத் தேவையில்லை. பூனை நம்மைப்போல் அரைத்துச் சாப்பிடும் பிராணியும் இல்லை. கடைவாய்ப் பற்களால் கத்தரித்து விழுங்கும். நாக்கால் வழித்துச் சாப்பிடுவதற்குப் பல் எதற்கு? சரி என்று சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். கடைவாய்ப் பற்களையும் அவற்றுக்கு முன்னால் இருக்கும் முன்கடைவாய்ப் பற்களையும் முதலில் எடுப்பது வழக்கம். கோரைப்பல்லையும் முன்பற்களையும் சுற்றி அழற்சி இல்லாவிட்டால் அவற்றை விட்டுவைப்பார்கள். இருந்தால் எல்லாமே போகும். ஈறைக் கீறித் திறந்து, எலும்பைச் சற்றுத் தேய்த்து, வேரோடு எடுத்து, தானாகக் கரையும் நூலால் தைப்பார்கள். பல மணி நேர வேலை. சில பூனைகளுக்கு இரண்டு அமர்வாகப் பிரித்துச் செய்வார்கள். முடிந்ததும் மீண்டும் எக்ஸ்ரே எடுத்து ஒரு வேர்த்துண்டும் மிஞ்சவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மிஞ்சிய வேர் ஒன்று போதும், அழற்சி தொடர. “எடுத்த பிறகும் எக்ஸ்ரே எடுப்பீர்களா, படத்தைக் காட்டுவீர்களா” என்று முன்பே கேளுங்கள். தாடை நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவீர்களா என்றும் கேளுங்கள்.

எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பல் எடுத்த 95 பூனைகளைத் தொடர்ந்து பார்த்தது. 27 பூனைகள் முழுமையாகக் குணமடைந்தன. 37 பூனைகளுக்குப் பெருமளவு குறைந்தது. 25 பூனைகளுக்குச் சிறிதளவே குறைந்தது. 6 பூனைகளுக்கு மாற்றமே இல்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பூனைகள் நன்றாகத் தேறின. அவற்றிலும் பலவற்றுக்குச் சிறிது காலம் மருந்து தொடர வேண்டியிருந்தது. கடைவாய்ப் பகுதியை மட்டும் எடுத்ததற்கும் எல்லாவற்றையும் எடுத்ததற்கும் பலனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இந்த எண்களைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால், ஒரு மாதத்தில் வாய் முழுதாக ஆறவில்லை என்று மனம் உடைய மாட்டீர்கள். தையல் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். பின்வாய் அழற்சி தணியப் பல மாதங்கள் ஆகலாம்.

வீடு திரும்பிய பிறகு

முதல் இரவு பூனை தடுமாறும், கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருக்கும். ஒரு சிறிய அறையில், மணல் தொட்டியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கும்படி, விளக்கைத் தணித்து விடுங்கள். உயரத்தில் ஏறவிடாதீர்கள்.

வலி மருந்தை வேளை தவறாமல் கொடுங்கள். “சாப்பிடுகிறதே, வலி இல்லை போலிருக்கிறது” என்று நிறுத்திவிடாதீர்கள். புப்ரெனார்பின் என்ற வலி மருந்தைத் தந்திருந்தால் அதை விழுங்கவைக்கக் கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விட வேண்டும், அங்கேயே உறிஞ்சப்படும். பூனையின் பின்னால் உட்கார்ந்து, உங்கள் முழங்கால்களுக்கு நடுவே அதன் உடலை அணைத்துக்கொண்டு, உதட்டின் ஓரத்தில் சிரிஞ்சைச் செருகுங்கள். எதிரே நின்று கொடுக்க முயன்றால் பூனை பயந்துபோகும். மாத்திரை என்றால் பொடித்து நீர்மமாகத் தர முடியுமா என்று கேளுங்கள். மாத்திரையே கொடுக்க நேர்ந்தால் உடனே சில மில்லி தண்ணீர் விடுங்கள். வறண்ட மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணாக்கும்.

உணவுக்கு வருவோம். 4 கிலோ பூனைக்கு ஓய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 200 கிலோகலோரி வேண்டும். டின்னின்மேல் எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்கிடுங்கள். நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சூரை மீன் டின்களில் பல, துணை உணவு மட்டுமே. எல்லாச் சத்தும் அடங்கிய முழு உணவு என்று எழுதியிருப்பதைத் தேடி எடுங்கள். கட்டியில்லாத கூழ்வகை நல்லது. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரண்டியின் பின்புறத்தால் மசித்து, உங்கள் மணிக்கட்டில் தொட்டால் இளஞ்சூடு தெரியும் பதத்தில், தட்டையான தட்டில் பரப்பி வையுங்கள். சூடு மணத்தை எழுப்பும். மூக்கடைத்த பூனைகூட எழுந்து வரும். செல்லிக்கு முதல் நான்கு நாள் சாஸர் ஒன்றில் இரண்டு கரண்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வைத்தேன். ஈரச்சந்தையில் வாங்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரை மேலே ஊற்றினால் விரும்பிக் குடித்தாள்.

சாப்பிடவே இல்லையென்றால் சிரிஞ்சால் திணிக்காதீர்கள். புண்ணான வாயில் திணித்தால் உணவையே பூனை வெறுத்துவிடும். கழுத்து வழியாக உணவுக்குழாயில் பொருத்தும் சிறு குழாய் பார்க்க அச்சமூட்டும். ஆனால் மிகவும் இளைத்த பூனைக்கு அது பெரிய வரம்: உணவும் மருந்தும் வாயைத் தொடாமல் உள்ளே போகும். அறுவையின்போதே அதைப் பொருத்த வேண்டுமா என்று முன்பே பேசி வையுங்கள்.

பல்லெடுத்தும் அடங்காவிட்டால்

முதலில் எக்ஸ்ரேயை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள், வேர்த்துண்டு எதுவும் நிற்கிறதா என்று. இல்லையென்றால் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் ஒரு வழி. அதைக் கொடுக்கும் காலத்தில் பச்சை இறைச்சி தரக்கூடாது. வெளியே போய் எலி, பல்லி பிடிக்கவும் விடக்கூடாது. வைரஸை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரானில் பூனைகளுக்கான வகை இன்னொரு வழி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், பல்லெடுத்தும் குணமாகாத பூனைகளுக்குக் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) செலுத்திப் பார்த்து, பல பூனைகள் தேறியதை 2016இலிருந்து பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பல் மருத்துவத்தில் கூடுதல் பயிற்சி பெற்ற விலங்கு மருத்துவரிடம் அனுப்பிவைக்கக் கேட்பதும் உங்கள் உரிமை.

அன்றாடம்

வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தால் தட்டு, தண்ணீர், மணல் தொட்டி ஆகியவற்றைத் தனித்தனியாக வையுங்கள். இந்நோய் கண்ட பூனை இருக்கும் வீட்டுக்கு மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவரும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். வீவக வீட்டில் விதியும் அனுமதிக்காது. பூனைக்கு மனஅழுத்தம் வந்தால் வைரஸ் மீண்டும் கிளம்பும். வீடு புதுப்பிக்கும் வேலை, விருந்தினர் கூட்டம், தீபாவளி நெருக்கடி என்று வீடு அமளிப்படும் நாள்களில் ஓர் அறையை அதற்கென்று ஒதுக்குங்கள்.

புளோக்கின் கீழே நீங்கள் உணவு வைக்கும் பூனைக்கு எச்சில் வழிந்தால், அதைத் தனியாகப் பிடிக்க முயலாதீர்கள். அந்தப் பகுதியில் உணவூட்டும் மற்றவர்களைக் கண்டுபிடியுங்கள், பூனைநலச் சங்கத்திடமும் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திடமும் கேளுங்கள். தெருப்பூனைக்கு வேளைக்கு வேளை மருந்து கொடுக்க முடியாது என்பதால் பல்லெடுப்பதே அதற்கு மிகப் பொருத்தமான சிகிச்சை. தேறிய பிறகு மசித்த உணவு வைக்க யாராவது ஒருவர் பொறுப்பேற்றால் அது பிழைத்துக்கொள்ளும்.

அறுவைக்குப் பின் எடை நோட்டைத் தொடருங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை. மருத்துவர் சொன்ன மறுபரிசோதனை நாள்களில் வாயைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மெல்ல மெல்ல வெளிறும் சிவப்பு நினைவில் நிற்காது, படத்தில் நிற்கும்.

செல்லியின் நோட்டில் அறுவைக்கு முந்தைய நாள் 2.9 கிலோ என்று இருக்கிறது. பதினோராம் வாரம் 3.6. அந்த வாரத்துக்கு எதிரே நான் எழுதியிருக்கும் வரி இது: “காலை உணவு முடித்துவிட்டு ஜன்னல் வலை ஓரம் உட்கார்ந்து முதுகை நக்கிக்கொண்டாள். முன்னங்கால் இரண்டும் வெள்ளை.”